‘வைஃபையே போதும்’ என்பாருக்கு

வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. வைஃபை ரௌட்டர் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. இனி, கதவு திறந்ததைச் சொல்லும் சென்சாரானாலும், தொட்டியில் நீர் இறங்கியதைச் சொல்லும் சென்சாரானாலும், சமையலறைக் குழாயடியில் நீர் கசிவதை அறிவிக்கும் சென்சாரானாலும், எல்லாவற்றையும் அந்த வைஃபையிலேயே சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது. இதற்கென்று தனியே ஒரு ஹப் எதற்கு, ஸிக்பீ என்றும் த்ரெட் என்றும் இஸட்-வேவ் என்றும் வாயில் நுழையாத பெயர்கொண்ட நெறிமுறைகள் எதற்கு என்று கேட்கும் ஓர் அபிப்பிராயம் இன்று நம்மிடையே ஏறக்குறைய மறுப்பாரில்லாத சித்தாந்தமாக நிலைபெற்றுவிட்டது. கடைக்காரர் அதைச் சொல்கிறார். வயரிங் வேலைக்கு வருபவர் சொல்கிறார். கம்ப்யூட்டர் துறையில் இருபது வருஷம் உழைத்த நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரும் நம்மை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லவில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும், மின்சாரக் கம்பியோடு ஒட்டியிருக்கும் சாதனங்களைப் பொறுத்தவரையில் பாதி உண்மையாயுள்ள இந்த அபிப்பிராயம், பேட்டரியை நம்பி வாழும் சென்சார்களைப் பொறுத்தவரையில் அடியோடு தவறானது என்பதும், அந்தத் தவற்றின் விலையை, விற்றவரும் பொருத்தியவரும் விலகிக்கொள்ள, வீட்டிலுள்ள முதியவர்களே கொடுக்க நேர்கிறது என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சியாரின் நியாயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாசலில் மாட்டிய கேமரா இரவும் பகலும் படம் அனுப்பிக்கொண்டிருக்கவேண்டும். அதற்கு அகலமான பாதை வேண்டும். வினாடிக்கு 250 கிலோபிட்டுக்கு மேல் செல்லாத ஸிக்பீ அதற்கு ஒருபோதும் உதவாது. தொலைக்காட்சிக்கும் வைஃபையே தகும். இவையெல்லாம் பிளக்கில் செருகிய பொருள்கள். எவ்வளவு மின்சாரம் குடித்தாலும் யாருக்கும் தெரியாது. சென்சாரோ வேறு சுபாவம் உடையது. கதவு நிலையில் ஒட்டிய சென்சார் ஒரு நாள் முழுவதும் சொல்லவேண்டியவை ‘திறந்தது’, ‘மூடியது’ என்ற இரண்டே சொற்கள். நாளின் 86,400 வினாடிகளில் அதற்குப் பேச்சுள்ள நேரம் இரண்டு மூன்று வினாடிகூட இராது. எஞ்சிய நேரமெல்லாம் அதன் தொழில் உறங்குவதே. ஆகையால் சென்சாருக்கென்று ஒரு கம்பியில்லா நெறிமுறையைத் தேர்ந்தெடுப்பவர் அதன் வேகத்தை விசாரிப்பதால் பிரயோஜனம் சிறிதே; எவ்வளவு குறைந்த செலவில் அது விழித்து, ஒரு சொல் சொல்லி, மீண்டும் உறக்கத்துக்குத் திரும்பும் என்று கேட்பாரானால் பெரும்பாலான சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

திருச்சி உறையூரில் என் தமக்கையின் வீடு இருக்கிறது. கீழ்த்தளம், ஒரு மாடி, அதன்மேல் மொட்டைமாடி; மொட்டைமாடியில் ஹெட்ரூமின் தலைமேல் 1,000 லிட்டர் கறுப்புத் தொட்டி; கொல்லையில் போர் போட்டு இறக்கிய சப்மெர்ஸிபிள் மோட்டார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், தொட்டி வழிந்து தண்ணீர் தெருவுக்கு ஓடுவதும், அண்டைவீட்டார் வந்து கதவைத் தட்டியபின் அணைப்பதும் நம் ஊர் வீடுகளில் நித்திய விவகாரம்; அங்கும் அப்படியே. நீர்மட்டத்தை அளந்து மோட்டாரைத் தானே போட்டு அணைக்கும் ஏற்பாடு ஒன்று செய்யலாம் என்று நான் சொன்னபோது, வயரிங் செய்ய வந்திருந்த இளைஞர், ‘தனியா ஹப்பெல்லாம் எதுக்கும்மா? வீட்லதான் வைஃபை இருக்குல்ல. ஆப்ப போன்ல போட்டா முடிஞ்சுது’ என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். ‘அவர் சொல்றதும் சரிதானேடா தம்பி, இன்னொரு பெட்டி எதுக்கு?’ என்றாள். நானும் அன்று வற்புறுத்தவில்லை.

நான்கு பென்சில் செல் போட்ட வைஃபைப் பெட்டி ஒன்று தொட்டி மூடியின் அடியில் பொருத்தப்பட்டது. ஏழு வாரம் அது செவ்வனே வேலை செய்தது. எட்டாவது வாரத்தில் ஒருநாள் இரவு, நீர்மட்டம் இறங்கியதும் மோட்டாரை ஓடவிட்ட அந்தப் பெட்டி, தொட்டி நிரம்பிவரும் வேளையில் ‘72 சதவீதம்’ என்று கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டு வாய் மூடிக்கொண்டது. ஆப்பில் விடியும்வரை 72 நின்றது. மோட்டாரும் விடியும்வரை நின்றபாடில்லை. தொட்டி வழிந்து, போரில் ஊற்று அடங்கி, வறண்ட குழியில் ஓடி ஓடி மோட்டாரின் காயில் கருகிப்போயிற்று. பைப்பை எல்லாம் மேலே தூக்கிக் காயில் கட்டிக் கொண்டுவந்து மறுபடி இறக்குவதற்குள் ஐந்து நாள் ஆகிவிட்டது. அந்த ஐந்து நாளும் அறுபத்தெட்டு வயதான என் அத்தான் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். மோட்டாருக்கு ஒரு நேர வரம்பு வைத்திருக்கவேண்டும் என்பது உண்மைதான், இப்போது வைத்திருக்கிறோம். ஆனால் பெட்டி ஊமையானது ஏன் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது.

நான் ஏணி போட்டு ஏறி அதைத் திறந்து பார்த்தேன். ஒரு செல்லின் அடி கசிந்து, சுருள்கம்பியின்மேல் வெண்பொடி பூத்திருந்தது. மற்ற மூன்றையும் மல்ட்டிமீட்டரில் வைத்தபோது, புதிதில் 1.5 வோல்ட் காட்டவேண்டியவை 0.9-க்கு இறங்கியிருந்தன. ‘பேட்டரிதான் போயிருக்கும்மா, மாத்திட்டா சரியாயிடும்’ என்று வயரிங் இளைஞரிடமிருந்து போனில் பதில் வந்தது. மாற்றினோம், மறுபடியும் ஏழே வாரம். ஏழு வாரத்துக்கு ஒருமுறை ஒரு முதியவர் ஹெட்ரூம் தலைமேல் ஏணி சாத்தி ஏறவேண்டிய ஏற்பாட்டுக்குத் தானியங்கி என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் நடந்தது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்; வாதம் முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. வைஃபை சென்சார் உறக்கம் கலைந்ததும், தன் ரௌட்டர் எந்தச் சானலில் இருக்கிறது என்று முதலில் தேடவேண்டும். கண்டபின் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்கவேண்டும். கடவுச்சொல்லை வெளியே சொல்லாமலே அது தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க நான்கு கடிதங்கள் பரிமாறவேண்டும். பின்பு தனக்கென ஒரு முகவரி பெறுவதற்கு இன்னும் நான்கு கடிதங்கள். முகவரி கைக்கு வந்ததும், எங்கோ தூர தேசத்திலுள்ள சர்வரின் பெயரைச் சொல்லி அதன் எண்ணை விசாரிக்கவேண்டும். அதோடு தொடர்பு ஏற்படுத்தவேண்டும். அந்தத் தொடர்பை ரகசியமாக்குவதற்குச் சான்றிதழ்களும் சாவிகளும் கைமாறவேண்டும். இத்தனை சம்பிரதாயங்களும் நிறைவேறிய பிறகே ‘நீர் 72 சதவீதம்’ என்ற ஒற்றை வாக்கியத்தை அதனால் சொல்லமுடியும். ரௌட்டர் அருகில் இருந்தால் இதற்கு இரண்டு மூன்று வினாடி போதும். இரண்டு கான்கிரீட் தளங்களுக்கு அப்பால், ஒரு தொட்டி நீரின் பக்கத்தில் இருந்துகொண்டு அரைகுறையாகக் கேட்கும் சென்சாருக்கு, ஒவ்வொரு படியிலும் தவறி மறுபடி தொடங்கவேண்டியிருப்பதால், பத்து வினாடியும் ஆகலாம். உறங்காமல் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும் என்றாலோ, வினாடிக்குச் சுமார் பத்துமுறை ரௌட்டர் ஒலிக்கும் அறிவிப்பை அது இடையிடையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும், அதுவும் செலவே.

ஸிக்பீயின் வழி வேறு. தேனீக்கள் பூவிருக்கும் திசையைக் கூட்டத்துக்கு அறிவிக்க ஆடும் ஆட்டத்திலிருந்து பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் இந்த நெறிமுறை, 2003-ல் வகுக்கப்பட்ட 802.15.4 என்னும் தரத்தின்மேல் 2004-ன் இறுதியில் எழுந்தது. முதல் நாளிலிருந்தே சிறு பேட்டரியில் வாழும் கருவிகளை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. சென்சார் ஒருமுறை குடும்பத்தில் சேர்ந்துவிட்டால் போதும். தன் சிறு முகவரியையும் சாவியையும் உறக்கத்திலும் அது மறப்பதில்லை. விழித்தவுடன் தனக்குத் தாயாக அமைந்த கருவியிடம் நேரே சொல்லிவிடுகிறது. ‘கேட்டேன்’ என்ற பதில் வந்ததும் உறங்கிவிடுகிறது. ஒரு கடிதத்துக்கு உச்ச அளவு 127 பைட். அது வானில் செல்லும் நேரம் நான்கு மில்லிவினாடிக்குச் சற்றே மேல். சென்சாருக்கு யாரேனும் செய்தி அனுப்பினால், அது விழிக்கும்வரை தாய்க்கருவி சிறிது நேரம் கையில் வைத்துக் காத்திருக்கிறது. உறங்குவதைக் குற்றமாகக் கருதாமல் முறையாகவே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஸிஸி 2530 என்னும் பழைய ஸிக்பீ சில்லு, பேசும்போது 29 மில்லிஆம்பியரும் கேட்கும்போது 24 மில்லிஆம்பியரும் இழுக்கிறது. கடிகாரம் மட்டும் ஓடும் உறக்கத்தில் ஒரு மைக்ரோஆம்பியர். ஒருமுறை விழித்துச் சொல்லி உறங்க 20 மில்லிவினாடி என்று வைத்தால், செலவு அரை மில்லிஆம்பியர்-வினாடி. 2014-லிருந்து மலிவான வைஃபை கருவிகளையெல்லாம் பெருகச் செய்த இஎஸ்பி 8266 போன்ற ஒரு சில்லுக்குச் சராசரி 80 மில்லிஆம்பியர், மூன்று வினாடி என்று தாராளமாகவே வைத்தாலும் செலவு 240. ஒரே செய்தி, ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு விலை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளவு சொல்லும் தொட்டிச் சென்சார் நாளைக்கு 288 முறை விழிக்கிறது. வைஃபையில் அதற்கு நாளொன்றுக்கு 19 மில்லிஆம்பியர்-மணி ஆகும். இரண்டாயிரம் மில்லிஆம்பியர்-மணி கொண்ட பென்சில் செல் வரிசை, எல்லாம் சரியாக நடந்தாலும், நூறு நாளைத் தாண்டுவது அரிது. எல்லாம் சரியாக நடக்காத மொட்டைமாடியில் அது ஏழு வாரமாயிற்று என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கதவுச் சென்சாரின் உள்ளே இருக்கும் பித்தான் பேட்டரியையும் பாருங்கள். சிஆர் 2032 என்ற அதன் பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. ஸிக்பீ சென்சார் உறக்கத்தில் மூன்று மைக்ரோஆம்பியர் உண்டு என்று கொண்டாலும் வருஷத்துக்கு 26 மில்லிஆம்பியர்-மணியே செலவு. நாளைக்கு நூறு செய்தி சொன்னால் இன்னும் ஐந்து. வெயிலும் பேட்டரியின் சுபாவமான தேய்வும் இடையிடையே தாயை விசாரிக்கும் செலவும் சேர்ந்து கணக்கைக் குறைத்துவிடும் என்றாலும், இரண்டு வருஷத்துக்கு அந்தப் பித்தானைத் தொடவேண்டியதில்லை. வைஃபைக்கோ அந்தப் பித்தான் பொருந்தவே பொருந்தாது; நூற்றுக்கு மேற்பட்ட மில்லிஆம்பியரை ஒரே வீச்சில் கேட்டால், உள்தடை மிகுந்த அந்தச் சிறு வில்லையின் வோல்ட் விழுந்து சில்லே மயங்கிவிடும். வைஃபைக் கதவுச் சென்சார்கள் தீப்பெட்டியைவிடத் தடித்திருப்பதன் காரணம் இதுவே. வைஃபை 6-ல் குறித்த நேரத்தில் விழிக்கும் வசதி வந்துவிட்டதே என்பார்கள். வந்தது மெய், ரௌட்டரும் சென்சாரும் இரண்டுமே அதை உணர்ந்தவையாக இருந்தால்தான் அதன் பலன் கிடைக்கும், இன்டர்நெட் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன ரௌட்டரில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்.

இனி, ‘ஹப் வேண்டாம்’ என்ற இரண்டாவது வாதம். கேட்பதற்கு இது மிக வசீகரமானது. ஒரு பெட்டி குறைகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனால் வைஃபை ஏற்பாட்டில் ஹப் இல்லை என்பது வெறும் தோற்றம். ரௌட்டர் ஒரு ஹப். அதற்குமேல் ஆப் பேசுகின்ற சர்வர் மற்றொரு ஹப். அது நம் வீட்டில் இல்லாததால் நம் கண்ணுக்குப் படவில்லை. மொட்டைமாடியிலுள்ள சென்சார் கொல்லையிலுள்ள மோட்டாருக்குச் சொல்லவேண்டிய சொல், தெருக்கேபிள் வழியே கடல் கடந்து போய்த் திரும்பி வருகிறது. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறவர் கேபிளை அறுத்துவிட்டால், நாற்பது அடி தூரத்திலிருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று அறியாமல் போய்விடுகின்றன. நிறுவனமே கைவிட்டுவிட்டால் கேபிள் இருந்தும் பயனில்லை. ரிவால்வ் என்ற வீட்டு ஹப்பின் சேவையை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் நிறுத்தியபோது, முந்நூறு டாலர் கொடுத்து வாங்கியவர்களிடம் ஒரு வெற்றுப் பெட்டிதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் அதே வகை ஹப் விற்ற இன்ஸ்டியன் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. இவை இரண்டும் ஹப் உள்ள ஏற்பாடுகள் அல்லவா என்று எதிர்க்கட்சியார் கேட்கலாம். ஆம்; அதனால்தான் இவற்றையே எடுத்துச் சொன்னேன். ஹப் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியில் ஒன்றுமில்லை. தீர்மானம் செய்யும் மூளை நம் வீட்டில் இருக்கிறதா, பிறர் வீட்டில் இருக்கிறதா என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்த மூளையை வீட்டில் வைத்துக்கொள்வது இன்று எளிதாகிவிட்டது. 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டண்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு சிறு கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அதில் விரலளவு ஸிக்பீ டாங்கிள் ஒன்றைச் செருகிவிட்டால், வெவ்வேறு கம்பெனிச் சென்சார்கள் அதனோடு பேசுகின்றன. 2018-ல் வந்த ஸிக்பீ டு எம்க்யூடிடி என்ற மற்றொரு மென்பொருள் அதே காரியத்தை வேறொரு வகையில் செய்கிறது. அந்த எம்க்யூடிடி என்ற செய்திமுறையே, பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களின் நிலைமையைச் செயற்கைக்கோள் வழியாகச் சிக்கனமாக அறிவிப்பதற்கென்று 1999-ல் பிறந்தது. விலையுயர்ந்த வழியில் குறைந்த சொல்லால் பேசவேண்டும் என்ற அதே கவலைதான் அங்கும். வைஃபை கருவியிலும் திறந்த மென்பொருளை ஏற்றிச் சர்வரை விலக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். செய்யலாம்; நாற்பது அடி உயரத்துப் பேட்டரி அதனால் நிறையப்போவதில்லை.

சுவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வைஃபையில் ஒவ்வொரு கருவியும் கூடத்து ரௌட்டரின் குரலைத் தானே நேராகக் கேட்டாக வேண்டும். ஸிக்பீயில் பிளக்கிலுள்ள ஏறக்குறைய ஒவ்வொரு கருவியும் அஞ்சல்காரனாகிறது. பின்னர் ஸிக்பீக்கு மாறியபோது, அக்கா வீட்டில் படிக்கட்டு திரும்புமிடத்தில் ஒரு ஸ்மார்ட் பிளக்கும், ஹெட்ரூமில் ஒன்றும் வைத்தோம். தளத்தின் கம்பியையும் கான்கிரீட்டையும் துளைக்க முயலாமல், படிக்கட்டின் திறந்த வெளி வழியாகவே செய்தி ஏறி இறங்குகிறது. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அதை எதிர்க்கட்சியார் எழுப்பாதிருப்பது எனக்கு வியப்பு: கரண்ட் போனால் அந்த அஞ்சல்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் விழுந்துவிடுகிறார்களே? உண்மை. தாயை இழந்த சென்சார்கள் தேடித்தேடிப் பேட்டரியை விரயம் செய்வதும் உண்மை. ஆகவே அவற்றை இன்வெர்ட்டர் லைனில் வைக்கவேண்டும். நம் ஊர் வயரிங்கில் இன்வெர்ட்டர் லைன் விளக்குக்கும் மின்விசிறிக்குமே கொடுக்கப்படுவதால், பிளக் பாயின்ட் ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றவேண்டியிருக்கிறது. ஹெட்ரூமிலிருந்த சாக்கெட்டுக்கு அங்கிருந்த விளக்கின் லைனிலிருந்து ஒரு கம்பி இழுத்தோம். அரை மணி வேலை.

‘மேட்டர் வந்துவிட்டது, இனிமேல் தேர்ந்தெடுக்கும் தொல்லையே இல்லை’ என்போரும் இருக்கிறார்கள். ஸிக்பீ கூட்டமைப்பே 2021-ல் பெயர் மாற்றிக்கொண்டு, 2022 அக்டோபரில் மேட்டரை வெளியிட்டது. அது நல்ல முயற்சி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மேட்டர் என்பது பாஷை, பாதை அன்று. அது வைஃபையிலும் செல்லும், த்ரெட்டிலும் செல்லும். பெட்டியின்மேல் மேட்டர் முத்திரையை மட்டும் பார்த்து வாங்குகிறவர், உள்ளே இருப்பது எந்த வானொலி என்பதை அறியாமலே வாங்குகிறார். உள்ளே த்ரெட் இருந்தால் நல்லது: ஸிக்பீக்கு அடித்தளமான அதே 802.15.4-ன்மேல் எழுந்து, அதே போல் உறங்கத் தெரிந்தது அது. வைஃபை இருந்தால், முத்திரை எதுவானாலும் ஏணி மாறப்போவதில்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் இஸட்-வேவ் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இஸட்-வேவ் நல்ல நெறிமுறை. அலைவரிசை தாழ்வானதால் சுவர்களை ஸிக்பீயைவிட எளிதாகக் கடக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அது 908.42 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. இந்தியாவில் அந்த இடம் செல்போன்கள் கோபுரத்தோடு பேசுவதற்கென்று கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒரு வரிசை விடப்பட்டிருக்கிறது. அதற்கென்று செய்த கருவிகளை மட்டுமே இங்கே வைக்கலாம். அவை கடைகளில் அரிதாகவே கிடைப்பதால், பத்துச் சென்சார் வேண்டுமென்று வருகிறவரை நான் அந்த வழியில் அனுப்புவதில்லை. தனித்த ஒரு வெப்பமானி மட்டுமே போதும் என்பவருக்குப் ப்ளூடூத்தே தாராளம்.

சற்று விஷயம் தெரிந்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம், ஸிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியில் இருப்பதால் ஒன்றையொன்று நசுக்கும் என்பது. நசுக்கத்தான் செய்யும், சானலைப் பாராமல் விட்டால். ஸிக்பீயின் 16 சானல்களும் 11 முதல் 26 வரை எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் 2 மெகாஹெர்ட்ஸ் அகலமே உடையவை. வைஃபையின் ஒரு சானலோ ஏறத்தாழ 20. வைஃபையின் 11-ஆம் சானல் 2473 மெகாஹெர்ட்ஸ் அளவில் முடிகிறது. ஸிக்பீயின் 25-ஆம் சானல் 2475-ல் நிற்கிறது. ரௌட்டரில் ‘ஆட்டோ’ என்றிருப்பதை எடுத்துவிட்டு 1 அல்லது 6 என்று நிலைநிறுத்தி, ஸிக்பீயை 25-ல் வைத்தால் இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சண்டையில்லாமல் வாழ்கின்றன. இன்னும் ஒன்று: டாங்கிளை யுஎஸ்பி 3 துவாரத்தில் நேரடியாகச் செருகக்கூடாது. அந்தத் துவாரமும் அதன் கேபிளும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை எழுதியது. ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டு டாங்கிளைத் தள்ளிவைத்தால் தீர்ந்தது. ஸிக்பீ சரியில்லை என்று என்னிடம் குறைப்பட்டவர்களில் பாதிப்பேரின் டாங்கிள், கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரையில் எந்தக் கட்சியும் பெருமை பேசுவதற்கில்லை. 2016 அக்டோபரில் மிராய் என்ற தீநிரல், யாரும் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களைக் கொண்டே கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றி, அமெரிக்காவின் பெரிய தளங்களைப் பல மணிநேரம் முடக்கியது. ஸிக்பீ விளக்குகளை வெளியிலிருந்தே ஆட்டிவைக்கலாம் என்று அதே காலத்தில் ஆதி ஷமீரும் அவருடைய சகாக்களும் செய்துகாட்டினார்கள். ஒரு பேதம் மட்டும் உண்டு: இன்டர்நெட் முகவரியே இல்லாத ஸிக்பீ சென்சாரைத் தொடவேண்டுமானால், ஒருவன் நம் வீட்டருகே வந்தாகவேண்டும் அல்லது நம் ஹப்பைக் கடந்தாகவேண்டும். காக்கவேண்டிய வாசல் ஒன்றே என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

விலைதான் கடைசி வாதம். டாங்கிளும் சிறு கம்ப்யூட்டரும் இரண்டு பிளக்கும் முதல் நாளில் கூடுதல் செலவுதான். இரண்டே சென்சார் வாங்குகிறவருக்கு அது பாரமாகவும் தோன்றும். எதிர்த்தட்டில் ஏழு வாரத்துக்கு நான்கு செல்லையும், ஒரு காயில் கட்டிய கூலியையும், ஐந்து நாள் சுமந்த குடங்களையும் வைத்தபோது, அக்கா மேற்கொண்டு கணக்குக் கேட்கவில்லை. தொட்டியில் இப்போதிருக்கும் ஸிக்பீ பெட்டிக்கு இரண்டே பென்சில் செல். பதினாறு மாதமாக அவையே ஓடுகின்றன. மூடியின் உட்புறத்தில் அத்தான் மார்க்கரால் எழுதிய தேதி இன்னும் அழியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் கொல்லைக் கதவுக்கும் ஒரு சென்சார் வேண்டுமென்று அக்கா சொல்லியிருக்கிறாள். நடுவே பிளக் வைக்க வாஷிங் மெஷின் பக்கத்துச் சாக்கெட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது இன்வெர்ட்டர் லைனில் இல்லை. முதலில் அதை மாற்றவேண்டும்.